சதுர எழுத்தும் சுழி எழுத்தும்: பனரிலும் ஜேர்சியிலும் எதிர்காலப் பாணி எழுத்துருவைப் பாவிப்பது எப்படி

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வீதியில் மென்பந்துச் சுற்றுப்போட்டிப் பனர், ஜிம் பெயர்ப்பலகை, போன் திருத்தும் கடை, ஓட்டோவின் பின்கண்ணாடி என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஒரே குடும்பத்து எழுத்து திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அகன்ற, தடித்த, மூலை மட்டும் மழுங்கிய சதுர ஆங்கில எழுத்து. விண்கலத்தின் பக்கவாட்டில் எழுதியது போல இருக்கும். ஆங்கிலப் பெயர் கம்பீரமாக நிற்கும். அதற்குக் கீழே தமிழ்ப் பெயர் மெலிந்து போயோ, இழுபட்டு நசுங்கியோ கிடக்கும். இந்த இரண்டு வரிகளையும் ஒரே பலத்தோடு நிற்க வைப்பதுதான் இங்கே வேலை. டிசைன் பழகத் தொடங்கியவர்களுக்காக, 8 அடிக்கு 3 அடி பனர் ஒன்றையும் ஒரு ஜேர்சியையும் எடுத்துக்கொண்டு அளவுகளோடு போவோம்.

இந்தப் பாணியை எதை வைத்து அடையாளம் காண்பது

முதலில் ஆங்கில ‘ஓ’வைப் பாருங்கள். வட்டமாகவும் இருக்காது, சரியான சதுரமாகவும் இருக்காது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையைப் போல நான்கு பக்கமும் சற்றுப் புடைத்து, மூலைகள் உருண்டிருக்கும். அந்த ஓர் எழுத்தின் எலும்புக்கூட்டில்தான் மற்றவை எல்லாம் கட்டப்பட்டிருக்கும். அடுத்தது கோட்டுத் தடிப்பு: நிற்கும் கோடும் படுக்கும் கோடும் கிட்டத்தட்ட ஒரே தடிப்பு. மூன்றாவது அகலம்: பெரிய எழுத்துகள் பல தம் உயரத்தை விட அகலமாக இருக்கும். சில எழுத்துருக்களில் ஆங்கில ‘ஏ’யின் நடுக்கோடு இருக்காது, ‘ஈ’ மூன்று படுக்கைக் கோடுகளாக மட்டும் நிற்கும், சிலவற்றில் எழுத்தின் குறுக்கே மெல்லிய வெட்டு ஓடும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலியின் டூரின் நகரத்து நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்தில் 1952இல் அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் அல்டோ நோவரேசேயும் மைக்ரோகிராமா என்ற எழுத்துருவை உருவாக்கினார்கள். அதில் சிறிய எழுத்து கிடையாது. 1962இல் நோவரேசே சிறிய எழுத்துகளையும் சேர்த்து அதை யூரோஸ்டைல் ஆக்கினார். இன்றைக்கு நாம் ‘ஸ்பேஸ் ஃபொன்ட்’ என்று சொல்லும் பலவற்றுக்கு இந்த இரண்டும்தான் தாய்வீடு. இன்னொரு கிளை வங்கியிலிருந்து வந்தது. காசோலையின் அடியில் காந்த மையில் அச்சடிக்கும் ஈ-13பி வடிவத்தில் பத்து இலக்கமும் நான்கு குறியும் மட்டும்தான் உண்டு. இயந்திரம் பிரித்தறிவதற்காகச் சில இடங்களில் கோடு திடீரென்று வீங்கியிருக்கும். 1960களில் அந்த வீக்கத்தையே அழகாக எடுத்து முழு எழுத்துருக்களாக்கினார்கள். நாசாவின் சிவப்பு எழுத்துச் சின்னம் 1975இல் வந்தது, 1992இல் கைவிடப்பட்டது, 2020இல் திரும்பவும் வந்தது. நடுக்கோடு இல்லாத ‘ஏ’ எல்லோர் கண்ணிலும் பதிய அது ஒரு பெரிய காரணம்.

எதற்குப் பாவிக்கலாம்

விளையாட்டு, ஜிம், கணினி வகுப்பு, போன் கடை, பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி, இசை நிகழ்ச்சி, அறுகம்பையில் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடை. வேகமும் இயந்திரமும் இளமையும் சொல்ல வேண்டிய இடமெல்லாம் பொருந்தும். கோயில் கொடியேற்றம், கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கிளினிக் அறிவிப்பு ஆகியவற்றுக்குக் கையில் எடுக்கவே வேண்டாம். இது தலைப்புக்குரிய எழுத்து. ஒரு பனரில் இரண்டு, மிஞ்சினால் நான்கு சொல். மற்ற விபரமெல்லாம் சாதாரண எழுத்துருவில் இருக்கட்டும்.

முக்கியமாக, போன் இலக்கத்தை இதில் போடாதீர்கள். சதுர எழுத்தில் 5, 6, 8, 0 நான்கும் ஒரே பெட்டியின் நான்கு வெட்டுகள்தான். வேறுபாடு ஒரு சிறிய திறப்பில் மட்டும் இருக்கும். தடிப்பு கூடக் கூட அந்தத் திறப்பு அடைபடும். மட்டக்களப்பின் 065ஐயும் கல்முனையின் 067ஐயும் ஓடும் பஸ்ஸில் இருந்து வாசிக்கிறவர் முதல் இரண்டு இலக்கத்திலேயே தடுமாறுவார். அவர் மீண்டும் அந்த வழியால் வந்து சரிபார்க்கப் போவதில்லை.

எழுத்துருவை எடுப்பது

ஆங்கிலத்துக்கு ஓர்பிட்ரொன் நல்ல தொடக்கம். 400 (சாதாரணம்) முதல் 900 (மிகத் தடிப்பு) வரை தடிப்பு உண்டு. பனருக்கு 800 அல்லது 900. ஒக்ஸானியத்தில் மூலை உருளாமல் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். இலக்கங்கள் நன்றாகப் பிரிந்து தெரிவதால் ஜேர்சிக்கு ஏற்றது. ரூசோ வன், ஓடியோவைட், மிக்ரோமா மூன்றும் ஒவ்வொரு தடிப்பில் மட்டுமே கிடைக்கும். மிக்ரோமா அகலம், ஆனால் மெல்லியது. தூரத்துப் பனருக்குப் போதாது.

இவற்றில் ஒன்றிலும் தமிழ் இல்லை. தமிழுக்குத் தனியாக எடுக்க வேண்டும். எங்கள் முதல் தெரிவு அனெக் தமிழ். தடிப்பை 100 முதல் 800 வரையும் அகலத்தை 75 முதல் 125 வீதம் வரையும் படிப்படியாக மாற்றக்கூடிய எழுத்துரு அது. அகலம் 125, தடிப்பு 700 என்று வைத்தாலே ஓர்பிட்ரொனுக்குப் பக்கத்தில் இயல்பாக நிற்கும். பலூ தம்பி தடிப்பில் குறையில்லை, ஆனால் அதன் உருண்டை விளையாட்டுத்தனம் சதுர ஆங்கிலத்தோடு சண்டை பிடிக்கும். கட்டமரன், முக்த மலர் இரண்டும் கீழே வரும் விபர வரிகளுக்கு நல்லவை.

மேலே சொன்னவை எல்லாம் கூகுள் ஃபொன்ட்ஸில் திறந்த லைசன்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. காசுக்குச் செய்யும் வேலையிலும் பாவிக்கலாம்; எழுத்துரு பைலைத் தனியே விற்கத்தான் கூடாது. ‘ஆயிரம் ஸ்டைலிஷ் ஃபொன்ட்’ என்று வொட்ஸ்அப்பில் சுற்றும் கட்டுகளில் இருந்து எடுக்காதீர்கள். அவற்றில் பல, சொந்தப் பாவனைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தவை. சிலவற்றில் இலக்கங்களே பாதிதான் இருக்கும். அது ஜேர்சிக்கு 7 போடும்போதுதான் தெரியவரும்.

தட்டச்சுக்கு முன்

நம் பக்கத்தில் இன்னும் பல இடங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு நடக்கிறது. பாமினியில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் பதிவாகியிருக்கும். அதைத் தெரிவு செய்து அனெக் தமிழுக்கு மாற்றினால் விளங்காத ஆங்கிலக் குப்பை வரும். ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசியுங்கள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. அதனால் இடையில் ஆங்கிலச் சொல்லோ நிறுத்தக்குறியோ இருந்திருந்தால் அது தமிழ்த் துண்டாக மாறி வந்து நிற்கும்.

அடுத்த தடங்கல் மென்பொருள். பழைய ஃபோட்டோஷொப்பில் ‘கெ’ என்று அடித்தால் கொம்பு பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். பிரெஃபரன்சஸில் ‘டைப்’ பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’ அல்லது ‘மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏசியன்’ என்பதைத் தெரிந்து, புதிய பைல் ஒன்றைத் திறந்து அடியுங்கள். பழைய பைலில் மாற்றம் தெரியாமல் போகலாம். இல்லஸ்ட்ரேட்டரில் ‘ஷோ இண்டிக் ஒப்ஷன்ஸ்’ஐ இயக்கி, பந்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கொம்போசரைத் தெரிய வேண்டும். கோரல் ட்ரோ என்றால் எக்ஸ்6க்கு முந்திய பதிப்பில் மினக்கெட வேண்டாம். இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் போதும். தமிழ் ஒழுங்காக வரும், தடிப்பையும் அகலத்தையும் தள்ளி மாற்றவும் முடியும்.

போன் செயலியில் செய்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1080 பிக்சல் அகலப் படத்தை 8 அடிக்கு, அதாவது 96 அங்குலத்துக்கு, விரித்தால் ஓர் அங்குலத்துக்கு 11 பிக்சல்தான் கிடைக்கும். சதுர எழுத்தின் நேர்விளிம்பு படிக்கட்டாகும். பனருக்கு 72 போதும். அப்படியென்றால் 6912க்கு 2592 பிக்சல் வேண்டும். எழுத்து வேலையை வெக்டரில், அதாவது பிக்சலாக அல்லாமல் கோடுகளாக வரையும் முறையில், செய்தால் இந்தத் தலையிடியே இல்லை.

அளவுக் கணக்கு

8 அடிக்கு 3 அடி என்றால் 2438க்கு 914 மி.மீ. ஓரத்தை மடித்து ஒட்டி, கயிறு போட வளையம் அடிப்பார்கள். அதற்கும் கண்ணுக்கு மூச்சு விடவும் நான்கு பக்கமும் 75 மி.மீ. விடுங்கள். மிஞ்சுவது 2288க்கு 764.

பலகை வேலையில் உள்ள பழைய கைக்கணக்கு: 3 மீற்றர் தூரத்துக்கு 25 மி.மீ. எழுத்துயரம். வீதியின் மறுபக்கத்தில் இருந்து, 15 மீற்றரில், வசதியாக வாசிக்க 125 மி.மீ. வேண்டும். தலைப்பு அதற்கும் மேலே போகலாம். ஆங்கில வரியை 200 மி.மீ. என்று வைப்போம். இங்கேதான் அகலம் இடிக்கும். ஓர்பிட்ரொன் போன்ற விரிந்த எழுத்துருவில் ஓர் எழுத்தின் அகலம் சராசரியாக உயரத்தை விடச் சற்றுக் கூட. ‘கல்முனை’யை ஆங்கிலத்தில் எழுதினால் 8 எழுத்து, 200 மி.மீ. உயரத்தில் ஏறத்தாழ 1800 மி.மீ. பிடிக்கும், தாராளமாக அடங்கும். ‘மட்டக்களப்பு’ 10 எழுத்து. அதே உயரத்தில் ஓரத்தைத் தொட்டுவிடும். அப்போது எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கக் கூடாது. உயரத்தை 180க்கு இறக்குங்கள்.

நசுக்குவதும் இழுப்பதும் ஏன் கூடாது? உங்கள் எழுத்தில் நிற்கும் கோடும் படுக்கும் கோடும் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை 130 வீதத்துக்கு இழுத்தால் நிற்கும் கோடு 39 ஆகும், படுக்கும் கோடு 30 ஆகவே இருக்கும். இந்தப் பாணியின் உயிரே சமமான கோடு. அது போனதும் எழுத்து பார்க்க ஏதோ குறை என்று தோன்றும், எதனால் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. அகலம் வேண்டுமென்றால் அகலமாக வரைந்த எழுத்துருவையே எடுங்கள். அதே காரணத்துக்காகத்தான் மென்பொருளின் ‘போல்ட்’ பொத்தானும் ஆகாது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் அந்தப் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் கோட்டைச் சுற்றி மை பூசி வீங்க வைக்கும்; சுழிகள் எல்லாம் அடைபடும்.

தமிழ் வரிக்கு உயரத்தை ‘ம’வை வைத்து அளவிடுங்கள். ‘கி’யின் விசிறியும் ‘கு’வின் கீழ்வளைவும் சேரும்போது வரி ஒன்றரை மடங்கு வரை உயரும். ‘ம’ 160 மி.மீ. என்றால் வரிக்கு 240 ஒதுக்குங்கள். ஆங்கிலம் 200, இடைவெளி 80, தமிழ் 240: மொத்தம் 520. மிச்சம் 244இல் 70 இடைவெளி, 90 மி.மீ. உயரத்தில் திகதியும் மைதானமும். மிச்சத்தை நிரப்ப வேண்டாம், அப்படியே விடுங்கள். தமிழை மேலே வைப்பதா ஆங்கிலத்தை மேலே வைப்பதா என்று கேட்டால், வாசிக்கப் போகிறவர் யார் என்று பார்த்து முடிவெடுங்கள். ஊர்ப் போட்டிக்குத் தமிழை மேலே பெரிதாக வைத்தால் ஒன்றும் கெடாது.

தடிப்பைப் பொருத்துவது

புதிதாகப் பழகுகிறவர்கள் இரு வரிகளின் உயரத்தைச் சமமாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று விடுவார்கள். கண் பார்ப்பது உயரத்தை அல்ல, கோட்டின் தடிப்பை. செய்யும் முறை இதுதான். ஆங்கில ‘ஐ’யின் தண்டின்மேல் ஒரு செவ்வகம் வரைந்து அதன் அகலத்தைப் பாருங்கள். 38 மி.மீ. வந்தது என்று வைப்போம். தமிழின் ‘ட’வில் நிற்கும் கோட்டையும் அதேபோல அளவிடுங்கள். அது 38க்குச் சமமாக வரத் தேவையில்லை. முக்காலில் இருந்து ஐந்தில் நான்கு பங்குவரை, அதாவது 29, 30 மி.மீ. போதும். ஒரு தமிழ் எழுத்துக்குள் ஆங்கிலத்தை விடக் கூடுதலான கோடுகள் நெருங்கி ஓடுகின்றன. அதே தடிப்பைக் கொடுத்தால் தமிழ் வரி கரிக்கட்டையாகத் தெரியும். அனெக் தமிழின் தடிப்பைத் தள்ளித் தள்ளி, அந்தச் செவ்வகம் 30இல் பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள்.

பிறகு சொல்லைப் பாருங்கள். எல்லாச் சொல்லும் ஒரே தடிப்பைத் தாங்காது. ‘மட்டக்களப்பு’ இந்தப் பாணிக்கென்றே பிறந்த பெயர். ம, ட, ப மூன்றிலும் நேர்கோடும் செங்கோணமும் இயல்பாகவே உண்டு. இடப்பக்கம் நிற்கும் கொம்பு ஒன்றுகூட இல்லை. சுழி என்று பார்த்தால் ‘ள’வும் ‘க’வும்தான். 800 தடிப்பையும் தாங்கும். ‘வாழைச்சேனை’யை எடுங்கள். இரண்டு ஐகாரக் கொம்பு, ஓர் ஏகாரக் கொம்பு, ‘ழ’வின் கீழ்வால், ‘ன’வின் சுழி. 800 கொடுத்தால் ஐகாரக் கொம்பின் இரண்டு சுழியும் இரண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். 600க்கு இறக்கி, தமிழ் வரியை 10 வீதம் பெரிதாக்குங்கள். ‘அம்பாறை’ இரண்டுக்கும் நடுவில். ‘அ’வும் ‘றை’யும் சுழி, மற்றவை நேர்கோடு. 700 பொருந்தும்.

அளவுகோல் ஒன்று: எழுத்துக்குள் உள்ள மிகச் சிறிய வெற்றிடம், கோட்டுத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 30 மி.மீ. கோட்டுக்கு 10 மி.மீ. ஓட்டை. அதற்குக் கீழே போனால் தூரத்தில் மூடிக்கொள்ளும்.

தமிழைச் சதுரமாக்கும் ஆசை

இந்த ஆசை எல்லோருக்கும் வரும், வரவும் வேண்டும். எந்த எழுத்தில் கை வைக்கலாம் என்பது தெரிந்து செய்ய வேண்டும்.

ட, ப, ம, ய, துணைக்கால் ஆகியவற்றின் மூலைகளை ஆங்கில மூலையோடு பொருத்தலாம். எழுத்தை வளைகோடாக, அதாவது கோட்டுப் படமாக, மாற்றுங்கள்: கோரலில் கன்ட்ரோல் + கியூ, இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட் + கன்ட்ரோல் + சி, இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட் + கன்ட்ரோல் + ஓ. மூலையை உருட்டும்போது வெளிவளைவும் உள்வளைவும் ஒரே ஆரம் என்று நினைத்துவிடாதீர்கள். உள் ஆரம் என்பது வெளி ஆரத்தில் இருந்து கோட்டுத் தடிப்பைக் கழித்தது. கோடு 30, வெளி ஆரம் 45 என்றால் உள் ஆரம் 15. இரண்டுக்கும் 45 கொடுத்தால் மூலையில் தடிப்பு 42 மி.மீ. ஆகிவிடும், ‘ப’வின் அடி இரண்டும் முழங்கால் வீங்கியது போலத் தெரியும்.

ண, ன, ள, ழ, ஞ, இ, ஐ, ஜ: இவற்றின் சுழியைச் சதுரமாக்கப் போகாதீர்கள். இரண்டு சுழி ‘ன’வையும் மூன்று சுழி ‘ண’வையும் பிரிப்பது சுழியின் எண்ணிக்கைதான். அது பெட்டியாகிச் சிறுத்தால் ‘கல்முனை’யை ‘கல்முணை’ என்று வாசிப்பார்கள். சுழியைச் சற்றே தட்டையாக்கி, முட்டை வடிவத்தில் இருந்து திரை வடிவத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாலே போதும். கண் அதைச் சதுரம் என்றே எடுத்துக்கொள்ளும்.

மிகக் கவனமாக இருக்க வேண்டியது ‘ர’. அதன் அடியில் சரிந்து போகும் சிறிய கோடு இந்தப் பாணிக்கு இடைஞ்சலாகத் தோன்றும், வெட்டிவிடத் தோன்றும். வெட்டினால் ‘மரம்’ ‘மாம்’ ஆகும். ‘நிந்தவூர்’, ‘ஏறாவூர்’ இரண்டிலும் கடைசி எழுத்து கால்மேல் புள்ளி வைத்தது போல நிற்கும். பழைய ஓலைச்சுவடிகளில் ‘ர’வுக்கும் காலுக்கும் வேறுபாடு இருக்கவில்லை, மெய்க்குப் புள்ளி வைக்கவில்லை, குறில் நெடில் கொம்பும் ஒன்றுதான். சுவடி படித்தவர்கள் சொல்லின் போக்கை வைத்து ஊகித்தார்கள். ஓடும் பஸ்ஸில் இருப்பவருக்கு ஊகிக்க நேரம் கிடையாது. ‘ர’வின் அடிக்கோட்டை 45 பாகையில் நேராக வெட்டி, கோட்டுத் தடிப்பின் அளவுக்காவது நீளம் விடுங்கள். பாணியும் கெடாது, எழுத்தும் பிழைக்கும்.

புள்ளிக்கும் அதே கவனம் வேண்டும். உள்ளே வெறுமையான வட்டமாக வைக்காதீர்கள். மை நிறைந்த வட்டமோ மூலை உருண்ட சதுரமோ வையுங்கள். அகலம் கோட்டுத் தடிப்புக்குச் சமம் அல்லது சற்றுக் கூட. எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையில் தடிப்பின் பாதி இடைவெளி. எழுத்தோடு ஒட்டினால் விசிறி போலத் தெரியும், ‘ட்’ ‘டி’ ஆகும். அழகுக்காகப் புள்ளியை எடுத்துவிட்ட பலகைகளும் வீதியில் உண்டு. அது டிசைன் அல்ல, எழுத்துப் பிழை.

இடைவெளியும் ஓரக்கோடும் நிறமும்

ஆங்கிலச் சதுர எழுத்துக்கு எழுத்திடைவெளி கூடினால் மிடுக்குக் கூடும். எழுத்தளவின் ஆயிரத்தில் 50 முதல் 100 பங்கு வரை கொடுக்கலாம். தமிழுக்கு 20ஐத் தாண்டாதீர்கள். இடைவெளியைக் கூட்டும்போது மென்பொருள் ‘கொ’வைக் கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரித்துத் தள்ளும். கொம்பு முன் எழுத்தோடு போய்ச் சேர்ந்துவிடும்.

எழுத்தைச் சுற்றிக் கோடு போடுவது இந்தப் பாணியில் வழக்கம். சாதாரணமாகப் போட்டால் கோட்டின் பாதி எழுத்துக்குள்ளே போய் ஓட்டைகளைத் தின்னும். கோரலில் ‘பிஹைன்ட் ஃபில்’ஐத் தெரியுங்கள், இங்க்ஸ்கேப்பில் வரையும் வரிசையில் கோட்டை நிறத்துக்குக் கீழே அனுப்புங்கள். அப்படிச் செய்தாலும் வெளியே தெரியும் கோடு சுழிக்குள்ளும் வரும். ஆகவே 30 மி.மீ. கோட்டுக்கு 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

குரோம் பளபளப்பு, நியோன் ஒளி, மூன்று நிற ஓட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். ஒன்று போதும். கறுப்பில் வெள்ளை எழுத்து உண்மையை விடத் தடிப்பாகத் தெரியும். பனரில் தமிழ் வெள்ளையாக இருந்தால் தடிப்பை ஒருபடி குறையுங்கள். நம் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், கறுப்பும் நீலமும் நின்று பிடிக்கும். சிவப்பு எழுத்தை மஞ்சள் பின்னணியில் போட்டால் சில மாதத்தில் இரண்டும் சேர்ந்து மங்கும்.

ஜேர்சியில் கணக்கு மாறும்

முதுகு இலக்கம் பெரியவர்களுக்கு 200 முதல் 250 மி.மீ., சிறுவர்களுக்கு 150. பெயர் 50 முதல் 60. இலக்கத்துக்கு ஒக்ஸானியம் 800 போன்ற, திறப்பு அகலமான எழுத்துரு. 6, 8, 9, 0 நான்கையும் அடித்து, 20 மீற்றர் தள்ளி நின்று ஸ்கோர் எழுதுகிறவர் பிரித்தறிவாரா என்று பாருங்கள். ‘11’ஐயும் ‘17’ஐயும் தானாக வரும் இடைவெளியில் விடாதீர்கள்; கையால் நெருக்க வேண்டியிருக்கும்.

சப்ளிமேஷன் என்றால் துணி வெள்ளை அல்லது வெளிர் பொலியெஸ்டர். மை ஏறத்தாழ 190 முதல் 200 பாகை செல்சியசில், 45 முதல் 60 செக்கன் அழுத்தத்தில் ஆவியாகி நூலுக்குள் இறங்கும். பருத்தியில் பிடிக்காது. வெள்ளை மை என்று ஒன்று இல்லை. வெள்ளை எழுத்து என்பது அச்சடிக்காமல் விட்ட துணி. சுற்றியுள்ள நிறம் இரண்டு பக்கமும் இருந்து உள்ளே கசியும், அதனால் வெள்ளை எழுத்து மெலியும். பனருக்குச் சொன்னதற்கு நேர்மாறாக இங்கே வெள்ளைக்குத் தடிப்பை ஒருபடி கூட்டுங்கள். எழுத்தில் உள்ள வெட்டும் புள்ளியின் இடைவெளியும் ஒரு மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். தாளில் கண்ணாடி விம்பமாக அச்சடிக்க மறக்க வேண்டாம்.

வினைல் வெட்டி ஒட்டுவதாக இருந்தால் சுமார் 150 பாகை, 10 முதல் 15 செக்கன். ரோலோடு வந்த தாளில் உள்ள அளவே முடிவு. ஒன்றரை மி.மீ.க்கு மெல்லிய எந்தத் துண்டும் நான்கு சலவைக்குள் உரியத் தொடங்கும்.

ஓட்டோ, பஸ் ஸ்டிக்கருக்கு வெட்டுகளை 2 மி.மீ.க்கு மேல் வையுங்கள். அதற்குக் குறைந்த வெட்டுக்குள் தூசி அடைந்து ஒரு மாதத்தில் கறுப்புக் கோடாகும். அட்டை வெட்டி ஸ்பிரே அடிப்பதற்கு, ஏற்கனவே குறுக்கு வெட்டு உள்ள ஆங்கில எழுத்துரு அப்படியே உதவும். தமிழில் ‘ட’வும் ‘ப’வும் தாமாக நிற்கும், ‘க’, ‘ள’ போன்றவற்றின் உள்துண்டு விழுந்துவிடாமல் 5 மி.மீ. பாலம் விட வேண்டும்.

அனுப்பும் முன்

பனரை 10 செ.மீ. அகலத்தில் திரையில் வைத்து, கை நீட்டிய தூரத்தில், சுமார் 60 செ.மீ.யில், பாருங்கள். 15 மீற்றரில் இருந்து 8 அடி பனர் தெரியும் அளவு அதுதான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒரு தடவை. டிசைனைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, தமிழ் வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அதன் தடிப்பைக் குறையுங்கள்.

எல்லா எழுத்தையும் வளைகோடாக மாற்றிய பிரதி ஒன்று, மாற்றாத பிரதி ஒன்று என்று இரண்டாகச் சேமியுங்கள். அச்சகத்துக்கு வளைகோட்டுப் பிரதியைப் பிடிஎஃப்பாகக் கொடுங்கள். உங்கள் எழுத்துரு அவர்களிடம் இல்லாவிட்டால் தமிழ் வரி லதா போன்ற வேறு எழுத்துருவுக்கு மாறிவிடும், அவர்கள் கவனிக்காமலே அடித்தும் விடுவார்கள். மாற்றாத பிரதி உங்களிடமே இருக்கட்டும். மழைக்குப் போட்டி தள்ளிப்போனால் திகதியை அதில்தான் மாற்ற முடியும்.

விலை சதுர அடிக் கணக்கில் வரும், 8க்கு 3 என்றால் 24 சதுர அடி. முழுவதும் அடிக்க முன், தமிழ்ச் சொல்லில் மிக நெருக்கமான ஓர் எழுத்தை, ‘னை’யோ ‘ழை’யோ, முழு அளவில் ஒரு வெட்டுத்துண்டு பிளெக்ஸில் அடித்துக் கேளுங்கள். அதை வெளியே வெயிலில் பிடித்து, வீதியைக் கடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். சுழிக்குள் வெளிச்சம் தெரிந்தால் அடிக்கச் சொல்லலாம்.